பஞ்சுப் பரீட்சை

காப்பகத்தில் அவளுக்கு மாமியார் என்று பெயர். கல்யாணமே ஆகாதவளுக்கு இந்தப் பட்டம் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், அவளோடு ஒரு தடவை வீடு பார்க்கப் போய்வாருங்கள், தெரியும் என்பார்கள். யாரோ கைவிட்ட நாய், பூனை, முயல், கிளி எது வந்தாலும் காப்பகம் வைத்துக் காப்பாற்றும். நாங்கள் வளர்க்கிறோம் என்று யாராவது கேட்டு வந்தால், முதலில் அவர்கள் வீட்டை இவள் போய்ப் பார்ப்பாள். இவள் சரி என்றால்தான் விலங்கு வாசலைத் தாண்டும். அந்தச் சரி குதிரைக் கொம்பு. இவள் பார்க்கிற வீட்டில் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம்.

அதிலும் சாம்பல் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். சாம்பல் ஒரு சின்சில்லா. முயலைப் போலக் காது, அணிலைப் போல வால், நடுவில் ஒரு பந்து அளவுக்குச் சாம்பல் நிற முடி. பார்த்த மாத்திரத்தில் எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. இறுக்கிப் பிடித்தால் அது பயத்தில் தன் முடியையே கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடிவிடும். பிடித்தவர் கையில் ஒரு கொத்து முடிதான் மிஞ்சும். தண்ணீர் ஆகாது, நனைந்தால் லேசில் காயாது. மெல்லிய மண்பொடியில் புரண்டுதான் குளிக்கும். வெயில் ஆகாது. சத்தம் ஆகவே ஆகாது. பகலெல்லாம் தூங்கிவிட்டுப் பொழுது சாயும்போது எழுந்திருக்கும். நன்றாகக் கவனித்துக்கொண்டால் இருபது வருஷம்கூட உயிரோடு இருக்கும்.

இப்படிப்பட்ட ஜீவனைத்தான் பிள்ளை பெற்றவர்கள் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுக்கிறார்கள். சாம்பல் முதலில் இருந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை அதற்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியது. அடுத்த வீட்டில் ஒரு பையன் பாசம் தாங்காமல் கட்டிப்பிடித்ததில் விலா எலும்பு ஒடிந்தது. பாசத்தைக் குறை சொல்ல முடியாதுதான், ஆனால் ஒடிந்தது ஒடிந்ததுதானே? அதற்குப் பிறகு குழந்தையின் குரல் எங்கே கேட்டாலும் சாம்பல் மூலையில் ஒண்டிக்கொண்டு நாய்க்குட்டி போலக் குரைக்கும். அந்தக் குரைப்பைக் கேட்கும்போதெல்லாம் மாமியாருக்கு உலகத்தில் உள்ள குழந்தைகள் அத்தனை பேர் மேலும் கோபம் வரும்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் போனால் அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பையிலிருந்து பஞ்சை எடுத்து, எலுமிச்சம்பழ அளவுக்கு உதிரியாக உருட்டி, ஆளுக்கொன்றாகக் குழந்தைகள் கையில் கொடுப்பாள். "நான் அம்மாகிட்டப் பேசிட்டு வர்ற வரைக்கும் இதைப் பத்திரமா வச்சிரு கண்ணா" என்பாள். அவ்வளவுதான். பேசி முடித்துவிட்டுத் திருப்பிக் கேட்பாள். பஞ்சு நசுங்கியிருந்தால் விலங்கு கிடையாது. இந்தப் பரீட்சையில் ஒரு குழந்தைகூடத் தேறியதில்லை. பத்திரமாக வை என்று சொன்னால் குழந்தை இறுக்கித்தானே பிடிக்கும் என்று காப்பகத்து டாக்டர் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார்.

"அப்ப குழந்தைங்க வீட்டுக்கு இது சரிப்படாதுன்னு அர்த்தம். என் பரீட்சை தப்புன்னு அர்த்தம் இல்ல" என்பாள் மாமியார்.

புறப்படும்போது எல்லா வீட்டு வாசலிலும் ஒரே பாட்டைப் பாடுவாள்: "வீட்டைக் குளிர்ச்சியா வைங்க. சத்தத்தைக் குறைங்க. முதல்ல குழந்தைங்களை அடக்கி வைக்கக் கத்துக்குங்க. அப்புறம் கூப்பிடுங்க, வர்றேன்." மூஞ்சியில் அடித்த மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு யாரும் கூப்பிட்டதில்லை. ஒரே ஒரு வீடுதான் கூப்பிட்டது.

"டியூஷன் டீச்சர் வீடாம்" என்றார் டாக்டர். "சாம்பலைத்தான் கேக்கறாங்க. எல்லாம் தயாரா இருக்கு, வந்து பார்க்கச் சொல்லுங்கன்னாங்க."

"குழந்தைங்க இருக்கா?"

"ரெண்டு. அஞ்சு வயசுல பையன், ஏழு வயசுல பொண்ணு."

"அப்ப வேண்டாம்."

"போய்ப் பார்த்துட்டு வந்து வேண்டாம்னு சொல்லுங்க மாமியாரே. பார்க்காமலே சொன்னா உங்களுக்கே திருப்தியா இருக்காது. இந்தத் தடவை சாம்பலையும் தூக்கிட்டுப் போங்க. நீங்க மட்டும் வீடு பார்த்தாப் போதுமா? வாழப்போறது அதுதானே."

வெயில் தணிகிற நேரத்தில் மாமியார் கைக்கூண்டைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அது ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள் நிற்கும் தெரு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பந்தை வைத்துக்கொண்டு அமர்க்களம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். துணிக்குள்ளிருந்து சாம்பல் தெரு நெடுகக் குரைத்துக்கொண்டே வந்தது. "இருடா, இருடா, இவங்க யார்கிட்டயும் உன்னைக் குடுக்கப் போறதில்ல" என்று அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே கடைசி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அழைப்பு மணி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஒயர்கள்தான் நீட்டிக்கொண்டிருந்தன. நுனியில் டேப் சுற்றியிருந்தது. தட்டுவதற்குக் கையை ஓங்கியபோது கதவு தானாகத் திறந்தது. ஒரு கிறீச்சிடல்கூட இல்லை. கீல்களில் எண்ணெய் வழிந்திருந்தது.

"வாங்க மேடம்" என்றாள் உள்ளே நின்ற பெண். ரகசியம் பேசுகிற குரல். மாமியார் உள்ளே காலை வைத்ததும் முதுகில் வேர்வை சில்லிட்டது. வீடு அவ்வளவு குளிர். நாற்காலிக் கால்கள் ஒவ்வொன்றுக்கும் பழைய காலுறை மாட்டி நூலால் கட்டியிருந்தார்கள். சுவர்க் கடிகாரம் இருந்த இடத்தில் வெறும் ஆணி. ஜன்னல்களில் கனத்த திரை. கதவு சாத்தப்பட்டதும் தெருவின் கூச்சல் தண்ணீருக்கு அடியில் போன மாதிரி அடங்கியது. சாம்பலும் குரைப்பை நிறுத்தியது.

ஓர் ஆள் பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். டீச்சரின் கணவர், ஏசி மெக்கானிக். "இருபது டிகிரியைத் தாண்டாது மேடம். கரண்ட் போனாலும் தாங்குற மாதிரி பண்ணி வச்சிருக்கேன்" என்றார். அவரும் ரகசியக் குரலில்தான் சொன்னார். சொல்லிவிட்டு, சத்தம் அதிகமாகிவிட்டதோ என்பது போல மனைவியைப் பார்த்தார்.

மாமியாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டுமே, இப்படி ஒரு வீட்டுக்காகத்தான் அவள் இத்தனை நாள் ஒவ்வொரு படியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். இருந்தாலும் மாமியார் மாமியார்தானே. "வீடெல்லாம் சரி. குழந்தைங்க எங்க? அவங்க வந்தாத்தான் உண்மை தெரியும். இன்னும் ஸ்கூல்லேருந்து வரலையா?"

"இங்கதான் இருக்காங்க" என்றாள் டீச்சர்.

மாமியார் திரும்பினாள். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் விரித்த பாயில் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்திருந்தன. அவள் உள்ளே வந்ததிலிருந்து அங்கேதான் இருந்திருக்கின்றன. இரண்டும் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டுச் சம்மணம் கொட்டி, முழங்கால்மேல் கைகளை வைத்திருந்தன. உள்ளங்கைகள் மேல்நோக்கி விரிந்திருந்தன. மாமியாருக்கு ஒரு நொடி தூக்கிவாரிப் போட்டது.

"மேடத்துக்கு வணக்கம் சொல்லுங்க."

இரண்டு வாய்களும் அசைந்தன. சத்தம் வரவில்லை.

சரி, கூச்சமாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மாமியார் பைக்குள் கையை விட்டாள். அவள் பஞ்சை வெளியே எடுப்பதற்கு முன்பே நான்கு உள்ளங்கைகளும் அவளுக்கு நேராக நீண்டன. அவள் வழக்கமான பேச்சை ஆரம்பித்தாள். முடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பஞ்சை வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினாள். கேள்விகளைக் கேட்டாள். அவளுக்கு வாய் திறக்கிற வேலைதான், பதில் அதற்குள் வந்து நின்றது. மண் குளியலுக்குத் தனித் தொட்டி உண்டு. கடிக்க மரக்கட்டை, காய்ந்த புல் உண்டு. எத்தனை வருஷம் இருக்கும் என்று தெரியுமா என்று அவள் கேட்பதற்கு முன்பே, "இருபது வருஷம் வரைக்கும், தெரியும்" என்றாள் டீச்சர். வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்கிற மாதிரி இருந்தது.

பேசிக்கொண்டே மாமியார் ஓரக்கண்ணால் குழந்தைகளைப் பார்த்தாள். பெரியவளின் மணிக்கட்டில் ஒரு கொசு உட்கார்ந்து ரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. வயிறு சிவந்து உப்பிவிட்டது. பெரியவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், கையை அசைக்கவில்லை. சின்னவனுக்கு மூக்கு ஒழுகி மேலுதடு வரை வந்திருந்தது. துடைக்கவில்லை. உள்ளங்கைகளில் பஞ்சு இரண்டும் வைத்தது வைத்தபடி, சற்று முன் பூத்த மாதிரி இருந்தன.

ஒரு குழந்தையாவது தேறாதா என்று ஏங்கியவள்தான் மாமியார். இப்போது இரண்டு தேறியதும் அவளால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து போய்ப் பஞ்சைத் திருப்பி எடுத்துக்கொண்டாள்.

"பாஸ்தானே மேடம்?" என்றாள் டீச்சர். "போன தடவை ரெண்டு பேரும் ஃபெயில்."

"போன தடவையா?"

"நீங்க ஏற்கெனவே வந்திருக்கீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னால. பெரியவ ஆசைப்பட்டு ஒரு முயல் கேட்டிருந்தா." டீச்சரின் குரலில் கோபம் இல்லை. தேதி சொல்கிற குரல். "சின்னவன் உங்க மடியில ஏறி உக்காந்துக்கிட்டுப் பஞ்சை வாயில போட்டுக்கிட்டான். பெரியவ அதை ஊதி ஊதிப் பறக்க விட்டு வீடெல்லாம் ஓடினா. நீங்க சிரிக்கக்கூட இல்ல. வாசல்ல நின்னு சொன்னீங்க. வீட்டைக் குளிர்ச்சியா வைங்க. சத்தத்தைக் குறைங்க. முதல்ல குழந்தைங்களை அடக்கி வைக்கக் கத்துக்குங்க. அப்புறம் கூப்பிடுங்க, வர்றேன்."

ஒரு சொல் மாறவில்லை. நிறுத்திய இடங்கள்கூட மாறவில்லை. மாமியார் தன் குரலையே இன்னொருத்தி வாயில் கேட்டாள். அவளுக்கு அந்த வீடு சுத்தமாக ஞாபகம் இல்லை. எத்தனை வீடு, எத்தனை வாசல், எங்கேயென்று ஞாபகம் வைப்பது? சுவரைப் பார்த்தாள். புது வெள்ளையடிப்புக்கு அடியில் கிரேயான் கோடுகள் புடைத்துக்கொண்டு தெரிந்தன. சக்கரம் வைத்த ஏதோ ஒரு வண்டி. அதைப் பார்த்ததும் லேசாக ஞாபகம் வந்தது. இதே அறையில் ஒரு குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. தனக்குத் தலைவலிப்பதாக அவள் அன்று நினைத்தாள்.

டீச்சர் அலமாரியைத் திறந்தாள். தட்டுத் தட்டாகக் கண்ணாடிப் புட்டிகள். எல்லாவற்றிலும் பஞ்சு உருண்டைகள். கீழ்த்தட்டுப் புட்டிகளில் பஞ்சு அழுக்காக, கல் மாதிரி நசுங்கி, சிலவற்றில் குழந்தைப் பல்லின் அச்சோடு கிடந்தது. மேலே போகப்போகப் பஞ்சு வெளுத்து விரிந்தது. மேல்தட்டில் இருந்தவற்றை யாரும் கையால் தொட்டதாகவே தெரியவில்லை.

"முதல்ல கொஞ்ச நேரம்தான் வச்சிருந்தாங்க. அப்புறம் தூங்கும்போதும் கையில குடுத்து வச்சேன். இப்பத் தூக்கத்துலகூட விரலை மடக்க மாட்டாங்க." டீச்சர் அலமாரியைச் சத்தமில்லாமல் சாத்தினாள். "என்கிட்டப் படிச்ச பிள்ளை ஒண்ணுகூட ஃபெயிலானதில்ல மேடம். என் வயித்துல பிறந்ததுங்க ஃபெயிலானா என் மூஞ்சியை நான் எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?"

திரையின் ஓரத்தில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தாள்.

"பொழுது சாயுது. இப்ப எழுந்திருப்பாங்க. அது முழிக்கிற நேரத்துல இவங்களும் முழிச்சிருக்கணும் இல்லையா? அதனால பகல்ல தூங்கப் பழக்கியிருக்கேன். ஸ்கூல்லதான் கொஞ்சம் கம்ப்ளைன்ட் வருது."

குழந்தைகள் எழுந்தன. தரையில் பாதம் பட்டதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. அறையின் நடுவே நடக்காமல் சுவரை ஒட்டியே, மூலைக்கு மூலை நின்று பார்த்து, மறுபடியும் கொஞ்சம் நகர்ந்து, கைக்கூண்டின் அருகே வந்து குந்தின. பெரியவள் இரண்டு விரல் நுனியால் துணியை விலக்கினாள்.

சாம்பல் இப்போது குரைக்கும் என்று மாமியார் எதிர்பார்த்தாள். குரைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள் என்றே சொல்லலாம். அது குரைக்கவில்லை. கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்று, மீசை துடிக்க, தொண்டைக்குள் மெல்ல ஒரு சத்தம் கொடுத்தது. அந்தச் சத்தத்தை மாமியார் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். காப்பகத்துக்கு இன்னொரு சின்சில்லா வந்திருந்த சமயம் அது. தன் இனத்தைப் பார்த்தால் மட்டும் அது கொடுக்கிற குரல்.

சின்னவன் கழுத்தை நீட்டி, தொண்டைக்குள் அதே சத்தத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

மாமியார் பதறிப்போய், "இங்க வா கண்ணா, அங்கேருந்து வா" என்று எட்டி அவன் ஸ்வெட்டரைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்தாள். பிடித்தது தெரியும், அடுத்தது தெரியவில்லை. பையன் கைகளை மேலே தூக்கி, உடம்பை ஒரு நெளி நெளித்து, ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் போய்விட்டான். மேஜைக்கு அடியில், மூலையில், வெற்று முதுகோடு ஒண்டிக்கொண்டு அவளையே பார்த்தான். விலா எலும்புகள் படபடவென்று ஏறி இறங்கின. பெரியவள் அசையாமல் உறைந்து நின்றாள். மாமியார் கையில் சூடு ஆறாத சாம்பல் நிறக் கம்பளி தொங்கிக்கொண்டிருந்தது.

"பிடிக்கக் கூடாது மேடம்" என்றாள் டீச்சர். அவள் முகத்தில் சின்னதாக ஓர் ஆச்சரியம். "உங்களுக்குத் தெரியாததா?"

மாமியார் தண்ணீர் வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். மெக்கானிக் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், பாஸ்னு சொல்லிடுங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்." அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா இது இதோட முடிஞ்சிடும். சின்னவன் என் விரலைப் பிடிச்சு நடந்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா? ரோட்டைத் தாண்டும்போதுகூடக் கையை விரிச்சேதான் வச்சிருக்கான். நான்தான் மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறேன்."

"நீங்க தகப்பன்தானே? நீங்க சொல்லக் கூடாதா?"

"சொல்லாம இருப்பேனா? 'ஊர்ப் பிள்ளையெல்லாம் தேறுது, உன் பிள்ளைங்க மட்டும் தோத்துப் போகணுமா'ன்னு கேக்கறா. பேசிப் பேசி இப்ப எனக்கே சத்தம் வரமாட்டேங்குது."

"பாஸ்னு சொன்னா இது முடியாதுங்க" என்றாள் மாமியார். "அது இங்க இருக்கப் போறது இருபது வருஷம். அத்தனை வருஷமும் இவங்க இப்படியே இருக்கணும்."

மெக்கானிக் சுவரில் சாய்ந்துகொண்டார். இருபது வருஷம் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். கூட்டிப் பார்க்காமல் விட்டிருந்தார். மாமியார் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்றால் இருபது வருஷம். வேண்டாம் என்றால் அடுத்த பாடம். இந்தப் பெண் அதையும் சொல்லிக்கொடுத்துத் தேற வைத்துவிடுவாள். முன்னே போனால் முட்டுகிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் எங்கோ ஒரு வாசலில் உதறிவிட்டுப் போன நாலு வார்த்தை, இரண்டு குழந்தைகளை மேஜைக்கு அடியில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறது. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"டீச்சர், ஒரு தப்பு நடந்துபோச்சு. தப்பு உங்க மேல இல்ல, எங்க மேலதான். இந்தச் சாம்பல் மத்த சின்சில்லா மாதிரி கிடையாது. சத்தத்துலயே வளர்ந்தது. அமைதியா இருந்தா அதுக்கு உடம்புக்கு ஆகாது. சாப்பிடாது." பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், குரல் கொஞ்சம் தடுமாறியது. "இதுக்கு வேற மாதிரி வீடு வேணும்."

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகம் வாடவில்லை. புதுப் புத்தகம் கைக்கு வந்த மாதிரி பிரகாசமானது. "சொல்லுங்க மேடம். என்னென்ன வேணும்?"

"குழந்தைங்க சிரிக்கணும். சத்தமா."

"எவ்வளவு சத்தமா?"

"அளவெல்லாம் கிடையாது. ஓடணும். எதையாவது போட்டு உடைக்கணும். கையில குடுக்கறதை இறுக்கிப் பிடிச்சுக்கணும். பஞ்சு நசுங்கினாத்தான் பாஸ். அழுகை வந்தா அழணும்."

"அழறதும் உண்டா?"

"உண்டு."

டீச்சரின் உதடுகள் எல்லாவற்றையும் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டன. "எப்ப வருவீங்க?"

"நீங்க தயாரானதும் கூப்பிடுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்து பழைய பாட்டே வந்ததைக் கேட்டு மாமியார் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஸ்வெட்டரை மேஜை விளிம்பில் வைத்தாள். அடியிலிருந்து விரிந்த கை ஒன்று வந்தது. விரல்களை மடக்காமலே அதைத் தள்ளி இழுத்துக்கொண்டு போனது.

வெளியே வந்ததும் தெருவின் சூடு முகத்தில் அடித்தது. மூச்சு வந்தது. பந்து விளையாடுகிற பிள்ளைகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். சாம்பல் குரைக்க ஆரம்பித்தது. முள்ளை முள்ளால் எடுத்துவிட்டோம் என்று மாமியாருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என்ன இருந்தாலும் பெற்றவள்தானே, பாடத்தை மாற்றிவிட்டால் பிள்ளைகளும் மாறிவிடும் என்று சொல்லிக்கொண்டு அந்த வீட்டுப் பக்கச் சுவரைக் கடந்தாள். ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

பிறகு சிரிப்பு கேட்டது.

ஹா, ஹா, ஹா. இரண்டு குழந்தைகளின் குரல், ஒரே நேரத்தில் ஆரம்பித்து ஒரே நேரத்தில் நின்றது. மாமியாரின் கால்கள் நின்றுவிட்டன.

"பெரியவளே, உன் சத்தம் பத்தல" என்றது டீச்சரின் குரல். "மறுபடியும்."

ஹா, ஹா, ஹா.

"நல்லாருக்கு. இப்ப ஓடுங்க." நான்கு பாதங்கள் தரையில் அடித்தன. "நில்லுங்க." நின்றன. ஏதோ ஒரு பீங்கான் சாமான் தரையில் விழுந்து உடைந்தது. "சரி. அடுத்தது. அழுங்க."

இரண்டு குரல்கள் அழுதன. சிரித்த அதே சுருதியில், மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு அழுதன. மாமியார் காதைப் பொத்திக்கொள்ளப் பார்த்தாள். கையில் கூண்டு இருந்தது. தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் குழந்தைகள் அழுவது அதிசயமா என்ன?

"போதும்."

பெரியவளின் அழுகை நின்றது. சின்னவனின் அழுகை நிற்கவில்லை.

"போதும்னு சொன்னேன்."

அந்தக் குரல் கொஞ்சம் உடைந்தது. சுருதி விட்டது. தேம்பல் ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டு, விக்கலாகி, அதன் பின்னால் இரண்டு வருஷத்து அழுகை மடை திறந்த மாதிரி வந்தது. "சின்னவனே! போதும்னு சொல்றேன்ல?" டீச்சரின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. அழுகை அதையும் தாண்டிப் போனது. அசிங்கமாக, தொண்டை கிழிய, அப்பா அப்பா என்று வார்த்தை கலந்து போனது. உள்ளே யாரோ திடுதிடுவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. நாற்காலி ஒன்று சாய்ந்தது. "விடுடா, அப்பா விரலை விடு" என்று டீச்சர் கத்தினாள்.

மாமியார் திரும்பி ஓடினாள். சாம்பல் கூண்டுக்குள் உயிர் போகிற மாதிரி குரைத்துக்கொண்டிருந்தது. அதை வாசற்படியில் இறக்கி வைத்தாள்; இந்தத் தடவை அதற்குச் சமாதானம் சொல்லவில்லை. மணி இல்லாத அந்தக் கதவை இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கித் தட்டினாள்.

"விடாதடா கண்ணா" என்று தெருவே கேட்கக் கத்தினாள். "இறுக்கிப் பிடிச்சுக்க. அழு. நிறுத்திடாத!"